வெளிநாடு என்றால் எந்த நாடு?

சனிக்கிழமை ராமநாதபுரத்தில் நடந்ததைக் குரூப்பில் எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ் வேண்டும் என்று செய்தி வந்ததும் நம் தம்பி கீழக்கரையிலிருந்து பைக்கை எடுத்தான். திருப்புல்லாணி தாண்டும்போதே போன் போட்டு "வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறான். ரத்த வங்கியில் எடை பார்த்தார்கள், விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார்கள், எல்லாம் சரி. சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் கேள்வி வருகிறது, "வெளிநாட்டுல இருந்து எப்ப வந்தீங்க?" துபாய், வந்து இருபத்திரண்டு நாள் என்றான். படிவத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு. "மூணு மாசம் கழிச்சு வாங்க." ஏன் என்றால், "மலேரியா இருக்கும்."

ரத்தம் கடைசியில் மதுரையிலிருந்து வந்தது. தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர் உயிர்தான் பெரிது. கேட்கிற கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். எந்த நாடு, எத்தனை நாள், காய்ச்சல் வந்ததா? ஐக்கிய அமீரகத்தை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2007லேயே அறிவித்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்கும் 2016ல் அந்தச் சான்று கிடைத்தது. மலேரியாவோடு காலங்காலமாகப் போராடியது நம்முடைய ராமேஸ்வரம் தீவு. துபாயில் இருந்த ஒருவன் கொசுக்கடிக்குப் பயப்பட வேண்டிய இடம் எது?

"உனக்கு மருத்துவம் தெரியுமா காக்கா?" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.) தெரியாது. எடுக்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் மலேரியா சோதனை கட்டாயம் என்பதும், கிருமி கொஞ்சமாக இருந்தால் சோதனையில் தப்பிவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1980 முதல் 1996 வரைக்குள் மொத்தம் ஆறு மாதம் பிரிட்டனில் இருந்தவர்களிடம் ஆஸ்திரேலியா ரத்தம் வாங்காமலே இருந்தது. மாட்டுப் பைத்திய நோய் பயம். 2022ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அங்கே நாட்டின் பெயர் இருந்தது, வருஷம் இருந்தது, காரணம் இருந்தது. மறுக்கப்பட்டவனுக்குத் தான் ஏன் மறுக்கப்பட்டோம் என்று தெரியும். நம் தம்பிக்குக் கிடைத்தது ஒரு கோடு.

2009ல் வாப்பாவுக்கு ஆபரேஷன். நான் ஷார்ஜாவில். லீவு கிடைக்கவில்லை. பாம்பனிலிருந்து வாப்பாவின் கூட்டாளி மகன், மீன்பிடிக்கிறவர், அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்து நின்றார். போன வருஷம் மலேரியா வந்தது என்று அவரே சொன்னாராம். அந்த நர்ஸம்மா எப்போது குணமானது, மாத்திரை முழுசாகச் சாப்பிட்டாரா என்று கேட்டு, விரல் விட்டு மாசத்தை எண்ணிப் பார்த்து, படுக்கச் சொல்லியிருக்கிறார். குணமாகி மூன்று மாதம் ஆனால் கொடுக்கலாம் என்பதுதான் நம் நாட்டு விதி. நிஜமாக மலேரியா வந்தவரின் ரத்தம் வாப்பாவுக்கு ஏறியது. உம்மா இன்றைக்கும் தொழுகையில் அவருக்கு துஆ செய்கிறார்.

"ஒரு யூனிட் ரத்தத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்கிறவர்களுக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. தேவிபட்டினம், பெரியபட்டினம், தொண்டி, எந்த ஊரில் வேண்டுமானாலும் எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள்? எல்லோரும் சபுராளிகள், பிழைக்க வெளிநாடு போனவர்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். லீவு நாற்பத்தைந்து நாள், மிஞ்சிப்போனால் அறுபது. அவனிடம் மூணு மாசம் கழித்து வா என்றால், பிறந்த ஊரில் அவன் வாழ்நாளில் ரத்தம் கொடுக்கவே முடியாது. இதை அந்த மேசையில் இருந்தவர் ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா? பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வேண்டுமென்றால் இவனுக்குப் போன். தர்கா கந்தூரி விழாவுக்கு, கல்யாணத்துக்கு, யாருக்காவது டயாலிசிஸ் என்றால் இவனுக்குப் போன். அவன் அனுப்புகிற பணத்தை எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் நானும் அந்த வரிசையில் நின்றவன். ஷார்ஜாவில் நாலு தடவை ரத்தம் கொடுத்தேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பி கடைக்கு வந்தான். விரல் நுனியில் குத்தின இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை ஃப்ளைட். "என் ரத்தத்துல ஏதாவது இருக்குமோ காக்கா, அங்க போய் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கவா?" என்று கேட்டான்.