அவசரத்துக்கு வெடிக்காத துப்பாக்கி

டெல்டாவில் காடு ஏது, காட்டுப்பன்றி ஏது என்று கேட்பவர்கள் ஒரு தடவை கொள்ளிடக்கரைக்கு வந்து பாருங்கள். திருவையாற்றைத் தாண்டினால் படுகை முழுக்கச் சீமைக்கருவேலமும் நாணலும் மண்டிக் கிடக்கிறது. பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடக்கிற பன்றிக்கூட்டம் இருட்டினதும் கரையேறிக் கரும்புக்குள் இறங்குகிறது. தின்பது கொஞ்சம், சாய்ப்பதும் கிளறுவதும்தான் அதிகம். வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போகும். உளுந்து வயலில் புகுந்தால் விடியும்போது அங்கே செடி இருந்த அடையாளமே இருக்காது.

இதற்காகத்தான் எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அப்பா காலத்து இரட்டைக்குழல், 12 போர் (குழல் விட்டத்தின் அளவு). முறையான லைசென்ஸ், முறையான புதுப்பிப்பு, எல்லாக் காகிதமும் கையில். ஆனால் பன்றி வருகிற ராத்திரியில் அது வேலை செய்யுமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. அது கெட்ட துப்பாக்கி இல்லை. நல்ல எஃகு, நல்ல வேலைப்பாடு. அதைக் கெட்டுப்போக விடுகிற ஏற்பாடு மட்டும் இந்த நாட்டில் கச்சிதமாக நடக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் கொல்லக் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எனக்கும் தெரியும். பன்றி மேல் படாமல் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும், கூட்டம் திரும்பி ஓடிவிடும். அந்த ஒரு சத்தத்துக்குத்தான் இத்தனை பாடு.

தோட்டாவிலிருந்து ஆரம்பிக்கலாம். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியாது. சரி, சட்டம். அந்த எண்ணிக்கையையாவது நல்ல சரக்காகத் தருகிறார்களா? கடையில் எத்தனை வருஷமாகப் பெட்டியில் கிடந்ததோ, அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். "போன மழைக்கு முன்னாடி வந்த சரக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இருக்கிறது இதுதான் தம்பி, வேணும்னா எடுத்துக்குங்க" என்று பதில். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்தாலும் பித்தளை அடி பச்சை பூத்துவிடுகிறது. தோட்டா லேசாக உப்பிவிட்டால் குழலுக்குள் போகாது. அழுத்திப் போட்டால் போகும், சுட்டபிறகு வெளியே வராது. காலித் தோட்டாவை இழுக்க வேண்டிய கொக்கி அதன் விளிம்பில் வழுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் துடைப்புக் கம்பியை முன்பக்கமாக விட்டுத் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பி, எதிரே கரும்புக்குள் சடசடவென்று ஒடிகிற சத்தம். அந்த நேரத்தில் வருகிற ஆத்திரம் இருக்கிறதே!

அதைவிட மோசம் வெடிக்காத தோட்டா. விசையை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே திறந்து பார்க்கவும் முடியாது. உள்ளே மருந்து தாமதமாகப் பிடித்து வெடித்தால் முகம் போய்விடும். அதனால் குழலை ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். அப்புறம் மடக்கித் திறந்து பார்த்தால், தோட்டா அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கேப்பில், விசையை அழுத்தினதும் பாய்கிற ஊசி குத்தின தடம் மெல்லிசாக விழுந்திருக்கும். ஊசி தேய்ந்ததா, ஸ்பிரிங் தளர்ந்ததா, கேப்பே நமத்துப் போனதா, வயலில் நின்றுகொண்டு எதைக் கண்டுபிடிக்க? அதற்குள் பன்றி ஒரு பாத்தியை முடித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போயிருக்கும்.

இதைச் சொன்னால் அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா மகன் உடனே, "இன்னுமா அந்தப் பழசைக் கட்டிட்டு அழற? செமி ஆட்டோமேட்டிக் ஒன்னு இருந்தா பிரச்சினையே இல்ல" என்கிறான். ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி அது. அவன் அங்கே குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்கு அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறான். அப்படியா சங்கதி என்று கேட்டுக்கொண்டே போனால், அவனும் அவன் கூட்டாளிகளும் புலம்புகிற புலம்பல் எனக்கு மேல் இருக்கிறது. வாயுவால் ஓடுகிற ரகம் என்று ஒன்று. சுட்டதும் குழலில் எழுகிற வாயுவில் கொஞ்சத்தைச் சிறு துளை வழியாக எடுத்து, பிஸ்டனைத் தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றும். துளையில் கரி அடைத்தால் போச்சு, ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் போச்சு. இன்னொரு ரகம், துப்பாக்கி பின்னால் உதைக்கிற வேகத்தையே ஸ்பிரிங்கில் பிடித்து ஓடுவது. அதில் கரி குறைவு, சுத்தம் செய்வது சுலபம். ஆனால் லேசான தோட்டா போட்டாலோ, தோளில் கெட்டியாக அண்டக் கொடுக்காவிட்டாலோ பாதியில் சிக்கி நின்றுவிடும். 1902இலிருந்து தயாரான பிரவுனிங் ஆட்டோ-5 துப்பாக்கியிலேயே லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி என்று உள்ளே இருக்கிற உராய்வு வளையத்தை இடம் மாற்றிப் போட வேண்டும். அப்படி மாற்றாமல் சுட்டால் ஒன்று சிக்கும், இல்லையென்றால் துப்பாக்கியே அடி வாங்கும்.

அவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு தோட்டாவும் ஒரே பலத்தில் தள்ளினால்தானே உன் துப்பாக்கி ஓடும்? எங்கள் ஊரில் ஒரே பெட்டியில் ஒரு தோட்டா இடி மாதிரி விழுகிறது, அடுத்தது இருமுகிறது. என் இரட்டைக்குழலுக்குக் கேப் வெடித்தால் போதும், மிச்சத்தைக் கையால் செய்துகொள்வேன். அந்தக் கேப்புக்கே இங்கே உத்தரவாதம் இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்து இந்தத் தோட்டாவைப் போட்டால் முதல் வெடியோடு சரி. அதுவும் போக, பயிர்க் காவல் என்று எழுதிக் கொடுத்து வாங்குகிற சமாச்சாரமா அது?

பயிர்க் காவலுக்குச் சட்டம் எதைக் கைகாட்டுகிறது தெரியுமா? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டும் வேறு வகை தரலாம். வாய்வழி கெட்டிப்பது என்றால் என்ன? கரிமருந்தை அளந்து குழலில் போட்டு, தக்கை வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ஈய ரவை போட்டு, மறுபடி அடைத்து, கடைசியில் கேப் மாட்ட வேண்டும். கரிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்தது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சம்பாப் பயிர் வயலில் நிற்பது எப்போது? வடகிழக்குப் பருவமழையில்! கொட்டுகிற மழையில், கும்மிருட்டில், வரப்பில் நின்று கரிமருந்து இடிக்கச் சொல்கிறது சட்டம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த ரகத்தைத்தான் வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் அதைத் தொடுவதே இல்லை, தகர டின்னைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயசு தாண்டின மனுஷன்.

அடுத்தது தேர்தல். இதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம். 2024 மக்களவைத் தேர்தலை மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். உடனே ஸ்டேஷனிலிருந்து போன், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 அன்று முடிந்துவிட்டது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கடைசிக் கட்டம் ஓட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் கொள்ளிடக்கரை விவசாயியின் துப்பாக்கி ஸ்டேஷன் மூலையில் கிடக்க வேண்டும். பங்குனி, சித்திரை என்பது உளுந்தும் பயறும் காய்த்து நிற்கிற காலம். பன்றிக்கு நடத்தை விதி உண்டா?

தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலே எல்லாரையும் ஒப்படைக்கச் சொல்லவில்லை. ஆய்வுக் குழு ஒவ்வொரு லைசென்ஸாகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் ஈடுபட்டவர் என்று வகை சொல்லித்தான் இருக்கிறது. என் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. இதை ரைட்டரிடம் எடுத்துச் சொன்னால், "எல்லாரும் குடுத்துட்டாங்க சார், நீங்க மட்டும் பாக்கி" என்கிறார். ஒப்படைத்தால் ஒரு ரசீது, துப்பாக்கியில் ஒரு சீட்டு. அப்புறம் அது சுவரோரம், ஜன்னலுக்குப் பக்கத்தில், சாரல் அடிக்கிற இடத்தில் நிற்கிறது. நடுவில் போய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வருகிறேன் என்றாலும் விடுவதில்லை. திரும்ப வாங்கும்போது குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த உட்பக்கத்தில் செம்புள்ளி செம்புள்ளியாகத் துரு. கம்பித் தூரிகையும் எண்ணெயும் போட்டு எத்தனை தேய்த்தும் புள்ளி போனது, பள்ளம் போகவில்லை. அந்தப் பள்ளத்தில்தான் இனி ஒவ்வொரு தோட்டாவும் பிடித்துக்கொண்டு நிற்கும். மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று மாற்றி மாற்றி வருகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தக் குழல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது.

சரி, பழுது பார்க்கலாம் என்றால் எங்கே? தஞ்சாவூர், கும்பகோணம் லேத் பட்டறைகளில் இருப்பவர்கள் கைக்கு வராத வேலை கிடையாது. அறுவடை மெஷினுக்கு வேறெங்கும் கிடைக்காத பாகத்தைக்கூட அரை நாளில் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் என் துப்பாக்கியின் ஊசியைத் தொட்டால் குற்றம். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் லைசென்ஸ் உள்ள கைத்தொழிலாளியாவது எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டுமே? இருந்த பெரியவர்கள் போய்விட்டார்கள், பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. கடையில் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பி, மாசக்கணக்கில் ஆக்கி, ஸ்பிரிங் கிடைக்கவில்லை என்று அப்படியே திருப்பித் தருகிறார்கள்.

2025 ஜனவரியில் அரசு ஒரு ஏற்பாடு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கிற பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று. வனத்துறையினர்தான், நாங்கள் இல்லை. நல்லது, அவர்களே செய்யட்டும். ஆனால் ராத்திரி 2 மணிக்கு என் கொல்லையில் கரும்பு ஒடிகிறபோது யாருக்குப் போன் போட?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாசாமாசம் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்தில் உரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இதை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்களே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். துப்பாக்கி என்றதும் ரவுடி நினைப்பு வந்துவிடுகிறது. ஐயா, இது மண்வெட்டி போல எங்கள் விவசாயக் கருவி. வேண்டாம் என்றால் லைசென்ஸைத் தராதீர்கள், நான் சண்டைக்கு வரவில்லை. தந்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டணமும் வாங்கிக்கொண்டு, நமத்துப்போன தோட்டாவையும் துருப்பிடித்த குழலையும் கையில் திணிப்பதுதான் பொறுக்கவில்லை. கடைக்காரர் தோட்டா எந்த வருஷத்துச் சரக்கு என்று பில்லில் எழுதட்டும். ஸ்டேஷனில் ஈரம் படாத ஒரு இரும்பு பீரோ வாங்கிப் போடட்டும், மாசத்துக்கு ஒரு நாள் உரியவர் வந்து எண்ணெய் போட அனுமதிக்கட்டும். எங்கள் ஊரில் ஓட்டுப்பதிவு முடிந்த மறுவாரமே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கட்டும். தஞ்சாவூருக்கு ஒரு லைசென்ஸ் பட்டறை வரட்டும். அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதி வைத்துவிட்டேன். கொள்ளிடக்கரையில் லைசென்ஸ் வைத்திருக்கிற மற்றவர்களும் கையெழுத்துப் போட வாருங்கள்.