பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லித் தருகிறார்களாம்!

காரைக்குடி பக்கத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். சாயங்காலம் டியூஷன். ஞாயிற்றுக்கிழமை சட்டம், சமூக நீதி என்று பேச்சும் விவாதமும். அதைப் பற்றி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து. "பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லித் தருகிறார்கள்" என்பதுதான் குற்றச்சாட்டு. ஆமாம், சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். குழுவில் இதை எழுதினால் நடுவில் யாராவது குட் மார்னிங் ரோஜாப்பூ போட்டு மேலே தள்ளிவிடுவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த அரசியல் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிற பெண் ஒருத்தி தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலனி வரைக்கும் வரவேண்டிய டவுன் பஸ் ஊர் முக்கிலேயே திரும்பிவிடுகிறதாம். "எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் பஸ் வருவதில்லை?" என்று எழுதியிருந்தாள். சொல்லித்தருகிற பையனுக்கே இருபத்துநாலு வயசுதான் இருக்கும். "ஏன்னு கேட்டா ஒரு வரியில முடிச்சிருவாங்க தங்கச்சி. அவங்க கையில இருக்கிற காகிதத்தைக் கேளு" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினார்கள். அந்தத் தடத்தின் கால அட்டவணை நகல், கடைசி நிறுத்தம் எது என்ற உத்தரவின் நகல், பஸ் போய் வந்த கணக்கான டிரிப் ஷீட்டின் ஒரு மாதத்து நகல். கீழே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு யாருக்கு என்பதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இதில் எந்தக் கட்சிக் கொடி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பி.ஏ. முடித்து, வங்கியில் செலான் நிரப்பவே பக்கத்தில் நிற்பவரைத் தேடிய தலைமுறை நாங்கள்.

"நம்ம பக்கம் இதெல்லாம் பழக்கமில்லை அண்ணே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பழக்கம் உண்டு தம்பி. காரைக்குடியில் 1917லேயே இந்து மதாபிமான சங்கம் என்ற சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் இளைஞர்கள்தான். 1919இல் பாரதியே அந்தச் சங்கத்துக்கு வந்து போனார். பக்கத்துச் சிராவயலில் ஆசிரமம் வைத்து நூற்பும் படிப்பும் நடத்திக்கொண்டிருந்த, பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவை 1927இல் காந்தியே வந்து பார்த்தார். அப்போது ஜீவாவுக்கு இருபது வயசு. இன்றைக்கு இருபது வயசுப் பையன் அப்படி ஒன்றை ஆரம்பித்தால் அவன் வீட்டுக்குப் போய் "பையனைக் கண்டிச்சு வைங்க" என்று சொல்ல நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் இதே மண்ணில் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். காரைக்குடி அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருந்தது. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் போடப்பட்டன. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மாரை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டு அது பதினொன்றானது. அதில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சமூக நீதி எதற்கு, இப்போது எல்லாரும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள், யார் வடம் பிடிப்பது என்று சாதித் தகராறு நடந்த கண்டதேவிக் கோயில் தேர் எத்தனை வருஷம் ஓடாமல் நின்று, 2024 ஜூனில் எத்தனை போலீஸ் காவலோடு ஓடியது என்பதையாவது நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு பயத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். "கேஸ் கீஸ் விழுந்தால் கவர்ன்மென்ட் வேலை போய்விடும்" என்று ஒரு தாய் பயப்படுவது நியாயம். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த வேலைதான் எல்லாம். மனுப் போடுவதும் கிராம சபையில் எழுந்து கேட்பதும் குற்றமில்லை என்பதையும், அனுமதி வாங்காமல் சாலையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் படிப்பகமே ஒரு வக்கீலை அழைத்துப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும். இதுவரை செய்யவில்லை. அது அவர்கள் குறைதான்.

இன்னொரு குறை, பேச்சு அதிகம். பிறந்தநாள், நினைவுநாள் வந்தால் மைக்கைப் பிடிப்பது எங்களைப் போன்ற நரைத்த தலைகள். பிள்ளைகள் பாவம், கைதட்டிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சாதித் தெருப் பிள்ளைகள். மற்றத் தெருக்களில் இருந்து வரவேண்டியவர்கள் வருவதில்லை, பெற்றோர் அனுப்புவதில்லை. கையில் சாதிக்கொரு கலர் என்று கயிறு கட்டிக்கொண்டு, அந்தக் கலரைப் பார்த்து நண்பனைத் தேர்ந்தெடுக்கிற பையனுக்குத்தானே இந்த இடம் முதலில் வேண்டும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்துச் சமூக நீதி மாணவர் படை அமைக்கவும் சொன்னது. அறிக்கை பள்ளி வாசல் வரைதான் பேச முடியும். நாலரை மணிக்கு மணி அடித்த பிறகு அவரவர் தெரு, அவரவர் மன்றம், அவரவர் டீக்கடை.

அதனால்தான் இடம் முக்கியம் என்கிறேன். படிப்பகம் இப்போது இருப்பது ஒரு தெருவுக்குள். அந்தத் தெருவுக்குள் வர யோசிப்பவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத இடத்தில் இருந்தால் ஒரு கேரம் போர்டுக்காகவாவது நாலு பேர் நுழைவார்கள். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

நம் பக்கம் இடத்துக்கா பஞ்சம்? ஊருக்கு ஊர் அரண்மனை மாதிரி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குத் திறப்பார்கள், மற்ற நாள் வௌவால்தான். கல்லூரியும் பல்கலைக்கழகமும் கொடையில் எழுந்த ஊர் இது, கொடுக்கத் தெரியாத ஆட்கள் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள், உபயம் என்று கல்வெட்டு வேண்டாம். கல்லில் பெயர் ஏறிய மறுநாளே இது இன்னார் சாதி மடம் என்று ஆகிவிடும்.

வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் உள்பக்கம் எதுவும் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்த முகப்பு அறை ஒன்று போதும். கரண்ட் பில் நாங்கள் கட்டிக்கொள்கிறோம். கழிப்பறை மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும், பெண் பிள்ளைகள் வருகிறார்கள். கொடுக்க மனசிருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.