கைப்பேசிப் படம் போதாது: ஈயின் இனம் காண்பது எப்படி?

‘ஒரு படம் எடுத்தால் போதும், எந்த ஈயின் இனத்தையும் செயலி சொல்லிவிடும்’ என்று பரவும் செய்தி தவறு. குடும்பம் (நெருங்கிய இனங்கள் பலவற்றின் பெரிய தொகுப்பு) வரை படம் பெரும்பாலும் உதவும். பல குடும்பங்களில் இனத்தைப் பிரித்துக் காட்டுவது ஆண் ஈயின் பிறப்புறுப்பு. வயிற்று நுனியை வெட்டி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசலில் இளஞ்சூட்டில் வைத்து, தசை கரைந்ததும் கழுவி, கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நேரம் மிஞ்சினால் சவ்வுகள் வெளிறி, அமைப்பே தெரியாது. வெட்டிய பகுதியைச் சிறு குப்பியிலிட்டு அந்த ஈயைக் குத்தி வைத்திருக்கும் அதே ஊசியில் பொருத்தாவிட்டால், எந்த ஈயுடையது என்பதே தொலைந்துவிடும்.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவின் சுர்க்கி என்ற இடத்தில், வெறும் 4 ஹெக்டேர் மேகக்காட்டின் (மேகமூட்டம் சூழ்ந்த மலைக்காடு) ஈக்களைப் பல நாட்டு வல்லுநர்கள் குடும்பவாரியாகப் பங்கிட்டு ஆய்ந்தார்கள். 2018இல் வெளியான கணக்கு: 73 குடும்பங்கள், 4,332 இனங்கள். அவற்றில் பல இன்னும் பெயரிடப்படாதவை. அத்தகைய ஈக்குச் செயலி தரும் இனப்பெயர் எதுவானாலும் அது வேறொரு ஈயின் பெயர்தான்.