வரிசையில் நின்று அடி வாங்குகிறவன்

"ண்ணா, அவன் வந்து அடிக்கிற வரைக்கும் வரிசையில நின்னு வாங்கிக்கிறியே, இது சண்டையா ரேஷன் கடையா?"

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பையன் கேட்டது. நான் பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். அது டர்ன் பேஸ்டு, அதாவது சதுரங்கம் மாதிரி முறை வைத்து மாறி மாறி ஆடுவது. அவன் பின்னால் உட்கார்ந்து நிப்பட்டு கடித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு கோப்ளின் பொறுமையாக நடந்து வந்து வெட்டுகிறான், என் ஆள் மரம் மாதிரி நிற்கிறான், அப்புறம் அடுத்த கோப்ளின் வருகிறான். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. காவேரிப்பட்டணத்தில் இதைப் பேச வேறு ஆளும் கிடையாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய ஆட்டம் எல்டன் ரிங். 2022இல் வந்தது, முழுக்க ரியல் டைம், அதாவது யாரும் முறைக்குக் காத்திருக்காமல் ஒரே நேரத்தில் மோதுவது. தொடக்கத்தில் வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்ட ஒருத்தன் குதிரையில் சுற்றிக்கொண்டிருப்பான். புதிதாக ஆடுகிறவன் அவனை ஒதுங்கிப் போவதுதான் புத்தி. இவன் ஒதுங்கவில்லை. மத்தியானம் சாப்பாடு ஆறுகிற வரைக்கும் செத்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம். கேமரா திரும்பிடுச்சு. நான் உருளத்தான் அழுத்துனேன், அவன் உருளல. பட்டன் ஒட்டுது. (நிப்பட்டு எண்ணெய்க் கையோடு கன்ட்ரோலரைப் பிடித்தால் ஒட்டாமல் என்ன செய்யும்?)

எனக்கு டர்ன் பேஸ்டு பிடிப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்து வருகிற களைப்பு, வயது, மெதுவான விரல் என்றெல்லாம் சொல்வார்கள். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் காரணம், அங்கே தப்பு யாருடையது என்று தெரிந்துவிடும். அன்றைக்கே ஒரு சண்டையில், தரையில் கொட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நெருப்பு அம்பு விட்டேன். எதிரிகள் மூன்று பேர் எரிந்தார்கள். அதே பிசுக்கில் என் வைத்தியக்காரியும் நின்றிருந்தாள். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் யோசித்திருந்தாலும் அந்த எதிரிகள் காத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். நான்தான் பார்க்கவில்லை. கேமராவைக் குறை சொல்ல முடியாது.

பகடையைத் திட்டலாமே என்பீர்கள். திட்டியிருக்கிறேன். அடி விழுமா என்பதை ஆட்டம் பகடை உருட்டித்தான் முடிவு செய்யும். விழ வாய்ப்பு 65% என்று காட்டும், அடி தவறும். ஆனால் 65ஐ நம்பி உயிரை வைத்தது யார்?

இந்தப் பழக்கம் எனக்கு ஆடுபுலி ஆட்டத்திலிருந்து வந்தது. கோயில் மண்டபக் கல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து, தாத்தாவோடு ஆடியது. 3 புலி, 15 ஆடு, 23 இடம். ஆடு எல்லாவற்றையும் இறக்கி முடிக்கும் வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது. புலியோ வெட்டிக்கொண்டே இருக்கும். வலுவான எதிரியை வலு இல்லாத பலர் சேர்ந்து மடக்குவதுதான் ஆட்டம். இன்றைக்கு இதற்கு பாஸ் ஃபைட் என்று பெயர். தாத்தா காயை வைத்த பிறகு விரலைச் சட்டென்று எடுக்க மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். நான் சிரித்தால் அந்த இடம் தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். விரல் எடுபடாத அந்த ஐந்து நொடியில் எனக்கு இருந்த படபடப்பு எந்த ரியல் டைம் சண்டையிலும் வந்ததில்லை.

சண்டை என்றால் இடைவிடாமல் நடக்க வேண்டும் என்பதே நம் ஊர்க்காரன் சொல்லக்கூடிய பேச்சா? பாரதக் கூத்தில் பீமனும் துரியோதனனும் எப்படி மோதுகிறார்கள்? ஒருத்தன் பாடி முடிக்கும் வரை இன்னொருத்தன் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நடுவில் கட்டியக்காரன் புகுந்து இரண்டு பேரையும் கிண்டலடிக்கிறான். விடிய விடியப் பார்க்கிறோம். ஏன் வரிசையில் நிற்கிறான் என்று யாரும் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தகராறு ஆட்டம் செய்கிறவர்களுக்குள்ளேயே ஓய்ந்ததில்லை. 1987இல் ஃபைனல் ஃபேன்டசி என்ற ஜப்பான் ஆட்டத் தொடரின் முதல் ஆட்டம் டர்ன் பேஸ்டாகத்தான் வந்தது. 1991இல் நான்காவது ஆட்டத்துக்கு, அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹிரோயுகி இடோ, எதிரி உனக்காகக் காத்திருக்க மாட்டான் என்று கடிகாரத்தை ஓடவிட்டார். கார்ப் பந்தயம் பார்த்துத் தோன்றிய யோசனையாம். 2023 ஜூனில் 16ஆவது வந்தபோது அது முழு ஆக்‌ஷன். டர்ன் பேஸ்டு செத்தது என்று எல்லாரும் எழுதினார்கள். ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 வந்தது, அந்த வருடத்தின் சிறந்த ஆட்டம் என்று கேம் அவார்ட்ஸில் பரிசும் வாங்கியது. இத்தனைக்கும் 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட் ரியல் டைம். வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவது போலத் தெரியும், உள்ளே பார்த்தால் ஆளுக்கு 6 நொடிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். அது எனக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. நிறுத்தி நிறுத்தி ஆடுவதற்கு முறை வைத்தே ஆடிவிட்டுப் போகலாமே.

மறுபக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. டயாப்லோ என்ற ஆட்டம் முதலில் டர்ன் பேஸ்டாகத்தான் உருவானது. ரியல் டைமுக்கு மாற்றச் சொன்னபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் மறுத்தார். கடைசியில் சில மணி நேரம் உட்கார்ந்து மாற்றிப் பார்த்தார். எலும்புக்கூட்டின் மேல் ஒரு க்ளிக், அது சிதறி விழுந்தது. அத்தோடு அவர் கட்சி மாறிவிட்டார். அந்தச் சுகம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் பக்கம் எருது விடும் விழாவில் தடுப்புக்கட்டை ஓரம் நின்றவன் நான். தூசிதான் முதலில் வரும், அப்புறம் சத்தம், மாடு தெரிவதற்குள் கால் தானாகப் பின்னால் போயிருக்கும். அங்கே யோசிக்கிறவன் முட்டு வாங்குவான். சித்தப்பா பையனுக்கு அந்த விழா என்றால் உயிர். அவன் எல்டன் ரிங்கில் தேடுவது அதைத்தான். அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரே ஒரு சண்டை ஆடிப் பார்டா என்று மவுஸைக் கொடுத்தேன். நான்கு பேரையும் ஒரே வாசலில் கும்பலாக நிறுத்தினான். எதிரி ஒரு நெருப்பு உருண்டையை விட்டான். நான்கு பேரும் விழுந்தார்கள். அவன் கேமராவைப் பார்த்தான், மவுஸைத் திருப்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்னடா, எப்படி?"

"செத்தது என்னாலதான்னு தெரியுதுண்ணா. அதான் பிடிக்கல."

கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்தக் குதிரைக்காரனிடம் போய்விட்டான். ஏழரை பஸ்ஸை விட்டான். எட்டேகால் பஸ்ஸும் போனது.