பம்ப்ஸ் போட்டி பற்றி ஒரு திருத்தம்

கேம்பிரிட்ஜ் கல்லூரி வாழ்க்கை பற்றிய கட்டுரை நன்று. ஆனால் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பம்ப்ஸ் ('இடித்தல்') படகுப் போட்டியில் 'முதலில் எல்லையைத் தொடுபவருக்கே வெற்றி' என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. கேம் ஆறு ரொம்பக் குறுகல். எட்டுப் பேர் துடுப்புப் போடும் படகுகள் அருகருகே ஓட இடம் போதாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீளம் (சுமார் 27 மீட்டர்) இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். முன்னால் போகும் படகை இடித்துவிட்டால் போதும், மறுநாள் இடம் மாறிக்கொள்ளலாம். இடித்த படகும் இடிபட்ட படகும் உடனே கரையொதுங்க வேண்டும். போட்டி நடக்கும் நான்கு நாளும் இடித்து முன்னேறுவதுதான் பெரிய கௌரவம். 'மே பம்ப்ஸ்' என்று பெயர் வைத்த போட்டி நடப்பது ஜூனில், அது தனி வேடிக்கை!

பெரும்பாலும் சொதப்புவது தொடக்கத்தில்தான். புறப்பட நான்கு நிமிடம், ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டு வெடி, மூன்றாவதுக்குப் புறப்பாடு. அதுவரை சுக்கான் பிடிப்பவர் கரையோடு கட்டிய சங்கிலியைக் கையில் வைத்திருப்பார். கரையிலிருப்பவர் கழியால் சீக்கிரமே தள்ளிவிட்டால் சங்கிலி விறைத்து, படகின் பின்பக்கம் கரைக்கு இழுபடும். மூக்கு எதிர்க்கரையைப் பார்க்கும். அந்தப் பதற்றத்தில் ஒருவர் துடுப்பைச் சாய்வாக இறக்கினால் அது நீருக்குள் சிக்கிக்கொள்ளும். படகோட்டிகள் இதை 'நண்டு பிடித்தல்' என்பார்கள். படகு நின்றே போய்விடும்.

படகுக் குழுவில் சேர முன் அனுபவம் தேவையில்லை. அக்டோபரில் புதியவர்களுக்குப் பயிற்சி தொடங்கும். படகுப் பயிற்சி பெரும்பாலும் விடியலில், கல்லூரித் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டு மாலையில். இரண்டிலும் சேரலாம், தூக்கம்தான் போகும்.