திருட்டு ரேடியோவாம்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "பிரான்சில் ரேடியோவுக்குச் சுதந்திரம் கொடுத்தவர் மித்தரான். அதுவரை இருந்ததெல்லாம் திருட்டு ரேடியோ" என்று அண்ணன் முடித்தார். (மித்தரான் 1981இல் பிரான்ஸ் அதிபரான சோஷலிஸ்ட் தலைவர்.) ஒரே சிரிப்பு, கைதட்டல். நான் எழுந்தால் மட்டும் நேரமாகிவிட்டது! சரி, இங்கே எனக்கு நேரம் இருக்கிறது.

யாரும் கொடுக்கவில்லை அண்ணே. எடுத்துக்கொண்டார்கள்.

1977 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, சூழலியல்வாதி பிரீஸ் லலோந்த் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து, அனுமதியில்லாத 'ரேடியோ வெர்த்'தைக் கேட்கவைத்தார். ஒலிபரப்பு முழுக்க அரசின் ஏகபோகமாக இருந்த நாட்டில், நேரலையில்! மறுவருஷமே சட்டம் வந்தது: அனுமதியின்றி ஒலிபரப்பினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ஃபிராங்க் வரை அபராதம். பயந்தார்களா? 1979இல் லோங்வியில் எஃகு ஆலைகளை மூடப்போகிறார்கள் என்றதும் சேஜேதே தொழிற்சங்கமே ஒரு ரேடியோ தொடங்கியது. ஊர்க்காரர்கள் ஃபோன் போட்டு நேரலையில் சண்டை போட்டார்கள், சங்கத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். எந்த அரசு ரேடியோவில் அது நடக்கும்?

இன்னொன்று. அதே 1979இல் சோஷலிஸ்டுகள் 'ரேடியோ ரிப்போஸ்த்' நடத்தினார்கள். போலீஸ் கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தது, மித்தரான் மீதே வழக்கு பாய்ந்தது. அண்ணனின் 'கொடுத்தவர்' அண்ணன் கணக்குப்படி திருடர்.

உரிமம் வேண்டாமா, ஆளாளுக்கு ஒலிபரப்பினால் அலைவரிசை என்னாவது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த ரேடியோக்கள் மீது இரைச்சலை ஏவி அமுக்கியது யார்? அரசு! 1984இல் விளம்பரம் வந்ததும் பலவும் பாட்டுக்கடையாகிவிட்டனவே என்பதும் உண்மை. அதற்கு லோங்விக்காரர்கள் என்ன செய்வார்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் ஒரு டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, பேனா ரீஃபில் மேல் சுற்றிய செம்புக்கம்பி என்று ஒரு குட்டி எஃப்எம் செய்தோம். மெஸ் வரைகூட எட்டாது. சாம்பாரில் பருப்பு எங்கே என்று கேட்டோம், அவ்வளவுதான் எங்கள் புரட்சி. வார்டன் அதைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் "திருட்டு ரேடியோவாடா?" என்றார். மன்னிப்புக் கடிதம் நான் மட்டும்தான் எழுதினேன்.

அன்று என்னோடு உட்கார்ந்து கம்பி சுற்றிய இருவர் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும்தான் சிரித்தார்கள்.