‘சர்ச்சைப் பாடகி’ என்று எழுதாதீர்கள்

நம் ஆட்கள் சுற்றுக்கு விட்ட ‘அயர்லாந்து 2023’ பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 23 டப்ளின் கலவரத்துக்கு ஒரு பத்தி, ரக்பிக்கு இரண்டு பத்தி. ஷினேட் ஓகானருக்கு ஒரே வரி: ‘போப் படத்தைக் கிழித்த சர்ச்சைப் பாடகி காலமானார்.’ கீழே சிரிப்பு எமோஜிகள் வேறு. இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

ஏன் கிழித்தார் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? 1992 அக்டோபர் 3, அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் அவர் கிழித்தது தன் அம்மாவின் அறைச் சுவரில் தொங்கிய படத்தை. திருச்சபையின் பொறுப்பில் இருந்தபோது சீரழிக்கப்பட்ட குழந்தைகளுக்காகக் கிழித்தார். பதின்ம வயதில் அவரே கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம் ஒன்றில் இருந்தவர். அன்று பைத்தியம் என்றார்கள். 2009இல் திருச்சபை இல்லங்களில் பிள்ளைகள் பட்ட கொடுமையை விசாரித்த ரயன் அறிக்கை, அப்புறம் டப்ளின் பாதிரியார்கள் மீதான புகார்களை விசாரித்த மர்ஃபி அறிக்கை, எல்லாம் வெளியே வந்தது. 17 வருஷம் கழித்து!

‘நீயும் கத்தோலிக்கப் பெண்தானே, உனக்கு வலிக்கவில்லையா’ என்று கேட்பீர்கள். வலித்தது. அந்தக் காட்சியை முதன்முதலில் பார்த்தபோது சிலுவை போட்டுக்கொண்டேன். இன்றும் ஜெபமாலை சொல்லாமல் தூங்குவதில்லை. ஆனால் விடுதியில் ஒரு சிஸ்டர் பிரம்பால் அடித்து என் தோழியின் கை வீங்கிப்போனதை வீட்டில் சொன்னபோது, ‘சாமிக்கு நேர்ந்தவங்களைப் பத்தி அப்படிப் பேசாதே’ என்று அம்மா என் வாயைத்தான் அடைத்தார். ‘பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்’ என்கிறவர்களே, பக்குவமாகச் சொன்ன பிள்ளைகளின் பேச்சை யார் கேட்டார்கள்?

ஆகஸ்ட் 8 அன்று டப்ளினுக்குத் தெற்கே பிரே ஊரின் கடற்கரைச் சாலையில் ஷினேட்டின் இறுதி ஊர்வலத்துக்கு நானும் நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ‘எங்களுக்கு அப்போதே தெரியும், சொல்லத்தான் பயம்’ என்றார்.

சரி, டிசம்பர் 8 அன்று நீனா ஊரில் ‘போக்ஸ்’ இசைக்குழுப் பாடகர் ஷேன் மெக்கோவனின் இறுதிச் சடங்கு நடந்தபோது கோயிலுக்குள்ளேயே பாடி ஆடி வழியனுப்பினார்கள். அவர் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் வருஷக்கணக்கில் குடித்த ஆண் உங்கள் பட்டியலில் ‘மாபெரும் கவிஞர்’, குழந்தைகளுக்காகக் கோபப்பட்ட பெண் ‘சர்ச்சை’யா? கோபம் வந்தால் பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தப் பட்டம்? என் வீட்டிலும் இதேதான், அலுவலகத்திலும் இதேதான்.

அந்த வரியைத் திருத்துங்கள். ‘குழந்தைகளுக்காக முதலில் வாய் திறந்தவர்களில் ஒருவர்’ என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் ரக்பியில் இரண்டு வரி குறைத்துக்கொள்ளுங்கள்.